கோல லங்காட் காட்டைக் காப்பாற்றியது யார்? மே 31க்குப் பதில் சொல்லுங்கள்

செந்தூல்காரன்:
நேற்று மாலை பிரிக்பீல்ட்ஸில் நடந்த கூட்டத்தில் ஒரு பேச்சாளர், சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தைக் காப்பாற்றியவை சுற்றுச்சூழல் அமைப்புகள்தாம், அரசின் கொள்கையையே அவை மாற்றிவிட்டன என்று முழங்கினார். அரங்கமே கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நடந்தது இதுதான். 2020 பிப்ரவரியில் அந்தச் சதுப்புக் காட்டின் 930 ஹெக்டேரைக் காப்பகத்திலிருந்து நீக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. காட்டின் மொத்தப் பரப்பே 957 ஹெக்டேர்தான். எதிர்ப்பு கிளம்பியது. நவம்பரில் சிலாங்கூர் சட்டமன்றம் கட்சி வேறுபாடின்றி நீக்கத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. வென்றுவிட்டோம் என்று எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். 2021 மே 31 அன்று 536 ஹெக்டேர் நீக்கப்பட்டுவிட்டது! ஆகஸ்ட் 30 அன்று சட்டமன்றத்தில் சொல்லப்பட்ட பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. இடைப்பட்ட மூன்று மாதம் இந்தச் சுற்றுச்சூழல் காவலர்கள் எங்கே இருந்தார்கள்?

ஜெலுத்தோங் மகள்:
அண்ணா, கதையைப் பாதியில் நிறுத்துவது உங்கள் வழக்கம். ஆகஸ்ட் 30க்குப் பிறகு என்ன ஆயிற்று? செப்டம்பர் 8 அன்று மாநிலத்தின் மந்திரி பெசார் (முதலமைச்சர்) அமிருடின் ஷாரி நீக்கத்தை ரத்து செய்து, அந்த நிலம் மீண்டும் காப்பகமாகும் என்று அறிவித்தார். பத்து நாள்கூட ஆகவில்லை. அரசு தானாக மனம் மாறியதா? பொதுமக்களும் அமைப்புகளும் அங்கே வாழும் தெமுவான் பூர்வகுடி மக்களும் சேர்ந்து போட்ட கூச்சல்தான் அதைச் செய்ய வைத்தது.

செந்தூல்காரன்:
செப்டம்பர் 8ஐ நானும் அறிவேன், தங்கச்சி. நான் கேட்டது மே 31. ஆகஸ்ட் 30 அன்று அது சட்டமன்றத்தில் வெளிவராமல் போயிருந்தால் இன்று அங்கே என்ன இருந்திருக்கும்? கட்டடங்கள். திருட்டுப் போன மாடு தானாகத் திரும்பி வந்ததற்குக் காவல்காரன் பரிசு கேட்கிறான்.

பந்திங் ஆசிரியர்:
நண்பர்களே, கொள்கையை மாற்றுவது என்றால் எதைச் சொல்கிறோம் என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோமே. ஒரு முடிவைத் திருப்புவது வேறு, சட்டத்தை மாற்றுவது வேறு. 2022இல் நாடாளுமன்றம் தேசிய வனச் சட்டத்தைத் திருத்தியது. காப்பகத்தை நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும், ஈடாக நிலம் காட்ட வேண்டும் என்றது. இது எந்த வகையில் சேரும்?

செந்தூல்காரன்:
ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், அது பேச்சை மாற்றுகிற வேலை. காடும் நிலமும் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளவை. மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் அந்தத் திருத்தம் அங்கே செல்லும். சிலாங்கூரில் பொது விசாரணை அதற்கு முன்பே விதியாக இருந்தது. விசாரணையும் நடந்தது, தீர்மானமும் வந்தது. அப்படியிருந்தும் மே 31 வந்ததே! விதி இருந்தும் நடந்த ஒன்றை இன்னொரு விதி எப்படித் தடுக்கும்?

ஜெலுத்தோங் மகள்:
அப்படியானால் விதியே வேண்டாமா? விசாரணையும் தீர்மானமும் இல்லாதிருந்தால் 536 அல்ல, 930 ஹெக்டேரும் போயிருக்கும். மீதியைத் தக்கவைத்தது யார்?

செந்தூல்காரன்:
ஓ, இப்போது பாதி போனதும் வெற்றியா?

பழைய தோட்டத்தான்:
நான் கேரித் தீவுப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். காட்டைத் திருத்தி ரப்பர் நட்டவர்கள் நம் பாட்டன்மார். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் குடும்பம் குடும்பமாகத் தெருவில் நின்றபோது அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்து நிலம் வாங்கியவர்கள் தொழிலாளர்கள். அன்று எந்தக் காட்டுக் காவலர் வந்தார்? மரத்துக்கு வருகிற கண்ணீர் மனிதனுக்கு வரவில்லையே.

ஜெலுத்தோங் மகள்:
ஐயா, உங்கள் வலியை மதிக்கிறேன். ஆனால் ஆண்டைப் பாருங்கள். சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பே 1977இல்தான் பினாங்கில் தொடங்கப்பட்டது. பிறக்காத அமைப்பு துண்டாடலுக்கு எப்படி வரும்? அதை நடத்தியவர் எஸ். எம். முகமது இத்ரிஸ், தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வாழ்ந்தவர். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தலைவரும் அவரே. 2019இல் மறையும்வரை ஏழைகளுக்காகவும் காட்டுக்காகவும் சேர்த்தே குரல் கொடுத்தார். மனிதன் வேறு, மரம் வேறு என்று அவர் ஒருநாளும் பிரித்ததில்லை. நாங்கள் பினாங்குக்காரர்கள் இதில் பெருமைப்படுவோம், யாருக்கு எரிந்தாலும்.

செந்தூல்காரன்:
பினாங்குப் பெருமை தொடங்கிவிட்டது. அவரை நானும் மதிப்பவன். ஆனால் சரவாக்கில் என்ன ஆயிற்று? சஹாபாட் ஆலாமின் ஹாரிசன் ஙாவ் 1987இல் ஆபரேஷன் லாலாங் என்ற அரசின் கைது நடவடிக்கையில் கைதானார், 1990இல் பாராம் தொகுதியில் வென்று நாடாளுமன்றத்துக்கே போனார். மரம் வெட்டுவது நின்றதா? லாரிகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன.

ஜெலுத்தோங் மகள்:
அதே பாராமில் அணைக்கு எதிராக மக்கள் 2013 முதல் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். 2016இல் அணைக்காக எடுத்த நிலத்தின் அறிவிப்பைச் சரவாக் அரசு திரும்பப் பெற்றது. பாராமைப் பற்றிப் பேசினால் முழுதாகப் பேசுங்கள்.

செந்தூல்காரன்:
மறித்து உட்கார்ந்தவர்கள் ஊர்மக்கள்! கோல லங்காட்டிலும் காட்டோடு வாழ்பவர்கள் தெமுவான் மக்கள். புகைப்படத்தில் முன்வரிசையில் நிற்பவர்கள் பெட்டாலிங் ஜெயாவின் குளிர் அறையிலிருந்து வந்தவர்கள். இதைத்தான் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். அதிகாரம் மாநில ஆட்சிக்குழு அறையில் இருக்கிறது. அங்கே கதவு மூடியதும் அமைப்புகளுக்கு ஒன்றும் கேட்பதில்லை. மே 31 அதற்குச் சாட்சி.

இன்னொன்றும் இருக்கிறது. மாநிலத்துக்கு வருமானம் நிலத்திலிருந்துதான். காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு பணம் கொடுக்கும் திட்டம் 2019இல்தான் 60 மில்லியன் ரிங்கிட்டில் தொடங்கியது. 2025இல் 250 மில்லியன். எல்லா மாநிலங்களுக்கும் பங்கிட்டால் ஒரு மாநிலத்துக்கு என்ன மிஞ்சும்? இதைப் பேச ஆளில்லை. பதாகை எழுத மட்டும் ஆள் இருக்கிறது.

பழைய தோட்டத்தான்:
சரியாகச் சொன்னீர்கள் தம்பி. பதாகை எழுதத்தான் ஆள்.

ஜெலுத்தோங் மகள்:
பதாகை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. ஊர்மக்களுக்குச் சட்ட அறிவிப்பைப் படித்து விளக்கியவர்கள், ஆட்சேபக் கடிதம் எழுத உதவியவர்கள், வழக்கறிஞரைத் தேடிக் கொடுத்தவர்கள் அமைப்பினர்தாம். அண்ணனுக்கு உண்மையான கோபம் எதில் என்று எனக்குத் தெரியும். கையெழுத்து திரட்டிய குழுவில் தம் பெயரைச் சொல்லி நன்றி கூறவில்லை என்று அன்றே முறைத்துக்கொண்டு போனவர்.

செந்தூல்காரன்:
என்னைப் பற்றிப் பேச வேண்டாம். கொளுத்தும் வெயிலில் சந்தையில் நின்று கையெழுத்து வாங்கியவன் நான். அதனால்தான் மே 31 எனக்கு வலிக்கிறது. 1927இல் ஏழாயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்த காப்பகம் ஆயிரத்துக்கும் கீழே வந்து நிற்கிறது. கடைசித் துண்டுக்காக வாங்கிய கையெழுத்து அத்தனையும் அலமாரியில் கிடக்க, மூன்று மாதம் ஒருவரும் அரசிதழைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்தவர் இருந்தால் காட்டுங்கள்.

பந்திங் ஆசிரியர்:
அரசிதழைத் தொடர்ந்து கண்காணிக்க ஒரு குழு அமைக்கலாமே என்று...

செந்தூல்காரன்:
குழுவா? இன்னொரு குழுவா, ஐயா?

ஜெலுத்தோங் மகள்:
இப்போது குழுவும் வேண்டாமாம்.

செந்தூல்காரன்:
பினாங்கில் செயற்கைத் தீவுகளுக்காகத் தென்பகுதிக் கடலைத் தூர்ப்பதை உங்கள் குழுக்கள் நிறுத்தினவா? முதலில் அதைச் சொல்லுங்கள், பிறகு கோல லங்காட்டுக்கு வாருங்கள்.

ஜெலுத்தோங் மகள்:
மூன்று தீவு என்று திட்டமிட்டதை 2023இல் ஒன்றாகக் குறைத்தார்கள். மீனவர்கள் மேல்முறையீட்டுக்குப் போகாமல் அது நடந்திருக்குமா? கடலைப் பற்றிப் பேச வேண்டுமானால் தனியாக ஓர் இழை தொடங்குங்கள் அண்ணா, மீனவர் வீட்டுப் பெண்ணாக அங்கே வந்து பதில் சொல்கிறேன்.

பழைய தோட்டத்தான்:
என் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.