நம்ம வலி மாத்திரையை பூனை நாய்க்குக் கொடுத்து என்னாச்சுன்னு நேர்ல பார்த்தவங்க எழுதுங்க

மிக்கி அம்மா:
நான் பெட் கிளினிக்ல டாக்டருக்கு உதவியா இருக்கேன். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பூனையத் தூக்கிட்டு வந்தாங்க, சாப்பிடாம சுருண்டு படுத்திருக்கு, உடம்பு சுடுதுன்னு வீட்டுப் பெரியவர் பாராசிட்டமால் 500ஐ பாதியா உடைச்சு வாயில போட்டுட்டார். பாசத்துல செஞ்சதுதாங்க. நான் உதட்டைத் தூக்கிப் பார்த்தா ஈறு ரோஸ் கலரே இல்ல, பழுப்பாயிருச்சு, மூஞ்சி பொதபொதன்னு வீங்கியிருக்கு, வயிறு எக்கி எக்கி மூச்சு விடுது, ஊசியில எடுத்த ரத்தம்கூட பழுப்புதான். பூனையோட ஈரலுக்கு அந்த மருந்தை முறிச்சு வெளியேத்துற சக்தி ரொம்பக் கம்மி, அதனால அது விஷமா மாறி ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமப் பண்ணிடுது. கிலோவுக்கு 10 மில்லிகிராம்லயே பாதிப்பு வந்திருக்கு, அப்போ 4 கிலோ பூனைக்கு அந்த அரை மாத்திரை எவ்ளோ அதிகம்னு பாத்துக்கோங்க. அசிடைல்சிஸ்டீன்ங்கற முறிமருந்து கொடுத்து, ஆக்ஸிஜன் வெச்சு பிழைச்சுது. அந்த வீட்டுப் பொண்ணு மாத்திரை அட்டையோட வந்து எப்போ கொடுத்தாங்கன்னு மறைக்காம சொன்னதாலதான் டாக்டரால உடனே ஆரம்பிக்க முடிஞ்சுது.

டைகர் மாமா:
எங்க மச்சான் வீட்டு லேப்ரடார், கால் நொண்டுதுன்னு யாரோ சொல்லி நாப்ராக்சன் கொடுத்திருக்காங்க. பெரிய நாய்தானே தாங்கும்னு நெனப்பு. நமக்கு அது ஒரு நாளுக்குள்ள பாதிக்கு மேல வெளிய போயிடும், நாய் உடம்புல பாதி குறையவே 3 நாள் ஆகும்னு அப்புறம்தான் டாக்டர் சொன்னார், அதனால மறுநாள் கொடுத்தது முதல் நாள் கொடுத்தது மேலயே ஏறி உக்காந்துடுச்சு. வாந்தி, அப்புறம் கரேல்னு பிசுபிசுன்னு மலம், அது வயித்துப் புண்ணுல இருந்து வர்ற ரத்தமாம். கிட்னியும் அடிவாங்கி நிறைய நாள் டிரிப்ஸ்லயே இருந்துச்சு பாவம்.

ஜிஞ்சர் வீடு:
ஒரு சந்தேகம்ங்க, எங்க நாய்க்கு டாக்டரே மெலாக்சிகாம் எழுதினாரே, அது நம்ம மாத்திரைதானே?

மிக்கி அம்மா:
பேரு ஒண்ணுதான் சகோ, அளவு வேற. நாய்க்கு வழக்கமா முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், மறுநாள்ல இருந்து அதுல பாதி. 5 கிலோ நாய்க்கு 1 மில்லிகிராம்தான் வருது, நம்ம மாத்திரையோ 7.5, 15ன்னு இருக்கும். கிட்னி ஈரல் எப்படி இருக்கு, ஸ்டீராய்டு ஏதாவது ஓடுதான்னு எல்லாம் பாத்துட்டுதான் எழுதுவாங்க, ஸ்டீராய்டோட இது சேர்ந்தா குடலே ஓட்டை விழலாம். அவர் எழுதினதை அவர் சொன்ன அளவுல கொடுங்க, பயம் வேண்டாம். மீதியிருக்கிறதை எடுத்து அடுத்த தடவை நீங்களா கொடுக்காதீங்க, பூனைக்கு அதை நீங்களா கொடுக்கவே கூடாது.

பஞ்சு பாட்டி:
மாத்திரை மட்டும் இல்லப்பா, மூட்டுவலி களிம்பும் அப்படித்தான். நாம தடவிட்டுப் படுத்திருப்போம், பூனை மடியில ஏறிப் படுத்து நம்ம முழங்காலையும் அது முடியையும் நக்கிக்கிட்டே இருக்கும். அமெரிக்காவுல ஃப்ளர்பிப்ரோஃபென் களிம்பு பூசினவங்க வீட்டுப் பூனைங்க செத்துப்போய் 2015ல அந்த நாட்டு மருந்துத் துறையே எச்சரிக்கை விட்டுச்சு. நான் இப்போ துணியால கட்டிட்டுத்தான் பூனையைக் கிட்டவே விடுறேன்.

டைகர் மாமா:
ராத்திரில தெரியாம முழுங்கிடுச்சுன்னா உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா மிக்கி அம்மா?

மிக்கி அம்மா:
வேண்டவே வேண்டாம்ங்க. உப்பு ஏறி அதுவே வலிப்புல கொண்டுபோய் விட்டதைப் பார்த்திருக்கேன். அவசரத்துக்குப் பார்க்குற டாக்டருக்கு போன் போட்டு மருந்து பேரு, எத்தனை மில்லிகிராம், எப்போ முழுங்குச்சு, எத்தனை கிலோ இருக்கும்னு சொல்லிட்டுக் கிளம்பிடுங்க. நல்லாத்தானே விளையாடுதுன்னு விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க, ஈரல் கிட்னி கெட்டுப்போனது ஒரு ரெண்டு நாள் கழிச்சுதான் வெளிய தெரியும்.