குடும்பக் குழு: வேலூருக்குப் போகும் மெழுகுவர்த்திகள்

வேலூர் அத்தை: பிரியா, இங்கே இன்று 106 டிகிரி. கத்திரி 28-ஆம் தேதி வரை இருக்கிறது. மீனா வளைகாப்புக்கு நீ செய்திருக்கும் 60 மெழுகுவர்த்தியும் கோவையிலிருந்து உருகாமல் வந்து சேருமா? சேராதென்றால் இப்போதே சொல்லிவிடு கண்ணு, எவர்சில்வர் கிண்ணம் வாங்கிவிடுகிறேன்.

பெரியம்மா: நானே கேட்க வேண்டும் என்று இருந்தேன். போன வாரம் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். எப்படி வந்திருக்கிறது பாருங்கள்.

பெரியம்மா: [படம்]

பெரியம்மா: வழியெல்லாம் படுத்தபடியே வந்திருக்கும் போல. மெழுகு ஒரு பக்கமாகச் சரிந்து இறுகியிருக்கிறது. திரி உள்ளே போய்ப் புதைந்துவிட்டது. மரமூடி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு திறக்கவே வரவில்லை. லேபிளெல்லாம் எண்ணெய்.

பிரியா: விளிம்பு வரை ஊற்றியிருக்கிறார்கள் பெரியம்மா. உருகும்போது மெழுகு விரியும், அதற்கு உள்ளே இடமே இல்லை. தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூடியைச் சுற்றி ஹேர் டிரையர் காட்டினால் கழன்று வரும். அப்புறம் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிமிர்த்தி வையுங்கள். இளகியதும் திரியைக் குச்சியால் தூக்கி நேராக்கி, அசைக்காமல் ஆறவிடுங்கள். நன்றாகவே எரியும்.

பெரியம்மா: சரிம்மா, சாயங்காலம் செய்து பார்க்கிறேன்.

பிரியா: அத்தை, உருகவே உருகாது என்று நான் சொல்ல மாட்டேன். என்னுடையது சோயா மெழுகு, 50 டிகிரி வாக்கில் இளகிவிடும். உங்கள் 106 என்பது செல்சியஸில் 41தான், அது ஒன்றும் செய்யாது. ஆனால் அதே வெயிலில் மூடி நிற்கும் வண்டிக்குள் 60-ஐத் தொடும். பார்சல் கிடக்கப்போவது அங்கேதான்.

கார்த்தி: தெர்மகோல் பெட்டியில் ஐஸ் ஜெல் பை போட்டு அனுப்பினால்?

பிரியா: தெர்மகோல் சூடு ஏறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஏறிவிட்டால் இறங்கவும் விடாது. ஜெல் பை மே மாதத்தில் சில மணி நேரத்தில் தண்ணீராகிவிடும். அதன் ஈரத்தில் லேபிள் ஊறி உரிந்துவிடும்.

கார்த்தி: தேன்மெழுகு கலந்தால்? அது சீக்கிரம் உருகாது என்றார்கள்.

பிரியா: ஆமாம், அது 62-க்கு மேல்தான் உருகும். ஆனால் மெழுகு மாறினால் திரியும் மாற வேண்டும் கார்த்தி. கெட்டி மெழுகில் இந்தத் திரியைப் போட்டால் சுற்றிலும் உருக்க முடியாமல் நடுவில் குழி தோண்டிக்கொண்டு இறங்கி அணைந்துவிடும். புதுத் திரி போட்டு எரித்துப் பார்க்காமல் வளைகாப்புக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனசு வராது. இந்த 60-உம் ஊற்றியாகிவிட்டது. சோயாவில் மல்லி வாசனை நன்றாகப் பிடிக்க 2 வாரமாவது ஆகும், இப்போதுதான் பிடித்துக்கொண்டு வருகிறது.

வேலூர் அத்தை: அப்போ என்னதான் செய்வது?

பிரியா: உருகினாலும் சிந்தாமல், சாயாமல் வந்து சேர வேண்டும். அதற்குத்தான் கண்ணாடி வேண்டாம் என்று திருகுமூடி போட்ட தகர டப்பாவில் ஊற்றினேன். மூடிக்குள் ஃபோம் வட்டம் இருக்கிறது, வெளியே ஷ்ரிங்க் தாள். மேலே ஒரு விரல்கடை இடம் விட்டிருக்கிறேன்.

பிரியா: இன்று மதியம் அப்பாவின் காரை வெயிலில் நிறுத்தி, பின் சீட்டில் சில டப்பாக்களை வைத்துப் பார்த்தேன். சிலதை நிமிர்த்தி, சிலதைப் படுக்கப்போட்டு. 3 மணிக்கு எல்லாமே எண்ணெயாக இருந்தது.

பிரியா: [படம்]

பிரியா: இது ராத்திரி ஆறினபிறகு எடுத்தது. இடது பக்கம் நிமிர்ந்து இருந்தவை. மேல்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பு, மற்றபடி குறையில்லை. வலது பக்கம் படுத்திருந்தவை. ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை, ஆனால் சாய்வாக இறுகிவிட்டன. ஒன்றில் அடியில் ஒட்டிய குளூவும் இளகி, திரியின் தகடு ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது. அதனால் எல்லா டப்பாவிலும் நடுவில் துளை போட்ட அட்டை வட்டம் ஒன்றை வைத்து, திரியை அதன் வழியாக எடுத்துவிடப் போகிறேன். நகர இடமிருக்காது.

சேலம் சித்தப்பா: இப்போதுதான் எல்லாம் படித்தேன். லாரி ஆபீசில் இருந்தவன் சொல்கிறேன், அம்புக்குறி ஸ்டிக்கரை நம்பாதே. லோடு ஏற்றுகிற அவசரத்தில் அதை யார் பார்ப்பார்கள்? பெட்டி உயரமாக இருந்தால் படுக்கப்போடுவார்கள். அகலமாக, தட்டையாக, ஒரே அடுக்காகக் கட்டு. அதைச் செங்குத்தாக நிறுத்த யாருக்கும் தோன்றாது. 20 டப்பாவுக்கு ஒரு பெட்டி, மூன்று பெட்டி. டப்பாக்களுக்கு நடுவே அட்டைத் தடுப்பு வை.

பிரியா: சரி சித்தப்பா. திங்கட்கிழமை கூரியரில் போடலாமா?

சேலம் சித்தப்பா: இந்த மாதத்தில் கூரியர் வேண்டாம்மா. பகலெல்லாம் தகரக்கூரை குடோனில் கிடக்கும். ராத்திரி வேலூர் பஸ்ஸில் பார்சல் போடு. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். டிக்கியில் எஞ்சின் பக்கம் வைக்காமல் தள்ளி வைக்கச் சொல்லிக் கேள், கேட்டால் வைப்பார்கள். புதன் ராத்திரி ஏற்றினால் வியாழன் காலை கார்த்தி எடுத்துக்கொள்ளலாம். ஏதாவது ஆகியிருந்தாலும் சரிசெய்ய அக்காவுக்கு நாள் இருக்கும்.

கார்த்தி: விடியற்காலை நானே பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன் மாமா.

பிரியா: எடுத்ததும் உடனே பிரிக்காதே கார்த்தி. கூடத்தில் ஃபேனுக்கு அடியில் பெட்டி நிமிர்ந்தபடி மதியம் வரை இருக்கட்டும். ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம், சட்டென்று குளிர்ந்தால் மெழுகு வெடிப்பு விடும், டப்பாவை விட்டுப் பிரியும். பிரித்தபின் மேலே சொரசொரப்பாக இருப்பதை மட்டும் தனியாக எடுத்து வை. ஹேர் டிரையரை ஒரு சுற்று காட்டினால் மழமழவென்று ஆகிவிடும்.

வேலூர் அத்தை: நல்லது கண்ணு. கிண்ணம் வாங்கவில்லை. வருகிறவர்களுக்கு வாசலில் சந்தனம் குங்குமம் கொடுக்கும்போதே பையில் போட்டுக் கொடுத்துவிடலாமா?

பெரியம்மா: வாசலில் கொடுத்தால் கொண்டுபோய்க் காரில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட வருவார்கள். வெயில் நேரம்.

பிரியா: பெரியம்மா சொல்வது ரொம்பச் சரி. இவ்வளவு பாடுபட்டு அனுப்பி, கடைசியில் மண்டப வாசலில் உருகிவிடும். சாப்பிட்டுக் கிளம்பும்போது தாம்பூலத்தோடு கொடுங்கள் அத்தை. ஸ்கூட்டரில் வருகிறவர்கள் சீட்டுக்கு அடியில் வைக்க வேண்டாம் என்றும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

வேலூர் அத்தை: தாம்பூலப் பைக்குப் பக்கத்தில் மீனாவின் சின்ன மாமியாரை உட்கார வைக்கிறேன். அவர் ஒருவரைக்கூடச் சொல்லாமல் விடமாட்டார்.

பிரியா: லேபிளிலும் அச்சடித்துவிடுகிறேன்: "வெயிலிலும் வண்டியிலும் வைக்க வேண்டாம். உருகினால் நிமிர்த்தி வைத்து ஆறவிடவும்."

சேலம் சித்தப்பா: பெட்டி மேலே கார்த்தி போன் நம்பரோடு உன் நம்பரையும் கொட்டை எழுத்தில் எழுது. மூன்று பெட்டியிலும்.