ஓநாய் மனிதனின் ஆன்மா யாருக்குச் சொந்தம்?

ஸ்கைரிம் கணினி விளையாட்டின் கதை நன்றாகத் தெரிந்தவர்கள் உதவுங்கள். அந்த உலகத்தை வைத்து நண்பர்களுக்காக ஒரு பகடை விளையாட்டு எழுதுகிறேன். சனிக்கிழமை ஆட்டம், ஒரு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

என் பாத்திரம் ஒரு நார்ட் (அங்குள்ள வடநாட்டு மனித இனம்) வீரன், ஓநாய் மனிதனும்கூட. ஒரு சூனியக்காரி அவனைக் கொன்று ஆன்மாவைக் கருப்பு ஆன்மக் கல்லில் அடைத்துவிடுகிறாள். நார்ட் வீரன் செத்தால் சோவன்கார்ட் என்ற வீரர் சொர்க்கம். ஓநாய் ரத்தம் இருந்தால் வேட்டைத் தெய்வம் ஹிர்சீனின் வேட்டைக்காடு. கருப்புக் கல்லில் சிக்கி, அந்தக் கல்லும் மந்திரத்துக்குச் செலவானால், ஐடியல் மாஸ்டர்கள் ஆளும் சோல் கெய்ர்ன் என்ற ஆன்மச் சிறை. மூன்றும் ஒரே ஆளுக்கு வந்தால்?

2011இல் வந்த மூல ஆட்டத்தையும் 2012இன் டான்கார்ட் கூடுதல் பகுதியையும் மறுபடி ஆடிவிட்டேன். அதில் கோட்லாக் என்ற ஓநாய் மனிதர் செத்த பிறகுதான் க்ளென்மோரில் சூனியக்காரி ஒருத்தியின் தலையை நெருப்பில் போடுகிறோம். அவருக்குள்ளேயிருந்து ஓநாய் ஆவி வெளியே வருகிறது, அதை வீழ்த்தியதும் அவர் சோவன்கார்ட் போகிறார். சரி, ஹிர்சீனின் பிடியை அறுக்கலாம். ஆனால் கோட்லாக் கல்லில் அடைபடவில்லையே! சோல் கெய்ர்னில் இருக்கும் வலேரிகா, டர்னெவீர் இருவர் பேச்சையும் முழுதாகக் கேட்டேன், ஓநாய் மனிதர்களைப் பற்றி எதுவும் சிக்கவில்லை. ஆன்மாக்கள் மறுபிறவிக்குப் போகும் ட்ரீம்ஸ்லீவ் என்ற வழியும் இருக்கிறது, அதை இழுத்தால் தலை சுற்றும் என்று விட்டுவிட்டேன்.

கல்லில் அடைபட்ட அந்த ஆன்மாவின் மேல் முதல் உரிமை ஹிர்சீனுக்கா, ஐடியல் மாஸ்டர்களுக்கா?