மிஞ்சின வெள்ளைச் சோற்றில் ஜப்பான் வீட்டுச் சாப்பாடு: நம் அரிசியில் சரிவருமா?

கல்லடித் தங்கச்சி:
எங்கள் அண்ணன் ஜப்பானில் 3 வருடம் வேலை செய்துவிட்டுப் போன மாதம்தான் வீட்டுக்கு வந்தார். அங்கே அறையில் சமைத்துச் சாப்பிட்டதைப் பற்றியே கதைக்கிறார், ஒரு நாளாவது அதைச் செய்து கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. முந்தாநாள் ஒனிகிரி என்ற சோற்று உருண்டை பிடித்துப் பார்த்தேன், வீட்டில் இருந்தது அவித்த நாட்டரிசி, கையில் நின்றது, தட்டில் வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. ஜப்பான் அரிசி வாங்க விலை கட்டாது. நாங்கள் ஆக்கும் சோற்றை வைத்து என்ன செய்யலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடி அக்கா:
தங்கச்சி, உங்கள் கையில் பிழை இல்லை, அரிசிதான் காரணம். ஜப்பான் அரிசி குட்டையானது, அதில் அமைலோஸ் என்ற மாச்சத்து குறைவு, அதனால்தான் ஒட்டும். அவித்த அரிசி ஒருநாளும் அப்படி ஒட்டாது. வெள்ளைப் பச்சை அரிசி வாங்குங்கள், தண்ணீர் தெளியும் வரை கழுவி அரை மணி நேரம் ஊறவிட்டு, கஞ்சி வடிக்காமல் முழுத் தண்ணீரும் வற்றும்படி ஆக்குங்கள், அடுப்பை அணைத்த பிறகு 10 நிமிடம் மூடியைத் திறக்கவே வேண்டாம். ஜப்பான் சோறு அளவுக்கு வராது, ஆனால் பிடி நிற்கும். சோறு சூடாக இருக்கும்போதே கையை நனைத்து உப்புத் தடவிப் பிடிக்க வேண்டும், ஆறிப்போனால் ஒட்டாது. உள்ளே அவர்கள் உமெபோஷி என்ற உப்பிட்ட புளிப்புப் பழமோ சுட்ட சால்மனோ வைப்பார்கள், நான் டின் மீனை உதிர்த்து மயோனீஸ் பிசைந்து வைப்பேன். பிடித்த ஒனிகிரியைத் தாச்சியில் போட்டு சோயா சோஸ் தடவி இரண்டு பக்கமும் முறுக விட்டால் யாகி ஒனிகிரி, அந்த வாசனைக்கே உங்கள் அண்ணன் குசினிக்கு வந்துவிடுவார்.

அவித்த அரிசிச் சோற்றை வீசிவிடாதீர்கள். பொரித்த சோற்றுக்கு, அவர்கள் சாஹான் என்பதற்கு, உதிரியான ஆறிய சோறுதான் நல்லது. முட்டையை முதலில் ஊற்றி, அது பாதி வேகும்போதே சோற்றைப் போட்டுக் கிளறுங்கள்.

காத்தான்குடி உம்மா:
எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் பிடித்தது ஓமுரைஸ். கோழி, வெங்காயம், தக்காளி சோஸ் போட்டுக் கிளறின சோற்றை மெல்லிய முட்டைப் பொரியலில் சுற்றிக் கொடுப்பேன், அவ்வளவுதான். ஒன்று சொல்ல வேண்டும், ஜப்பான் சமையல் குறிப்பு நிறைய இடத்தில் மிரினும் சாகேயும் வரும், இரண்டும் மதுதான், நாங்கள் தண்ணீரில் கொஞ்சம் சீனி கரைத்து ஊற்றுகிறோம், சுவை குறைவதாகத் தெரியவில்லை. சோயா சோஸ் போத்தலிலும் என்ன சேர்த்திருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள்.

கல்முனைத் தம்பி:
யாரும் மாசிக் கருவாட்டைச் சொல்லவில்லையே! ஜப்பான் சமையலுக்கு அடித்தளம் தாஷி என்ற சாறு, அதைக் கொம்பு என்ற கடற்பாசியிலும் கட்ஸுவோபுஷி என்ற காய்ந்த மீன் சீவலிலும் எடுப்பார்கள். கட்ஸுவோபுஷியும் நம் மாசியும் அவித்துப் புகைபோட்டுக் காயவைக்கிற சூரை மீன்தான், அவர்கள் சிலதில் பூஞ்சையும் பிடிக்கவிடுவார்கள். மாசியை இடித்து வெந்நீரில் 5 நிமிடம் விட்டு வடித்துப் பாருங்கள், ரசத்துக்கும் சொதிக்கும் இல்லாத ஒரு தெளிவு அதில் இருக்கும். அந்தச் சாற்றில் மிஞ்சின சோற்றைப் போட்டு, கொதித்ததும் அடித்த முட்டையை மெல்ல ஊற்றி, வெங்காயத்தாள் தூவினால் ஜோசுயி. காய்ச்சல்காரருக்கு எங்கள் அம்மா வைக்கும் கஞ்சிக்கு அது சொந்தக்காரி. அதே சாற்றில் சோயா சோஸ், சீனி, வெங்காயம், கோழி போட்டு வேகவிட்டு முட்டை ஊற்றிச் சோற்றின் மேல் கவிழ்த்தால் ஓயாகோடோன், ஓயா என்றால் பெற்றார், கோ என்றால் பிள்ளை, கோழியும் முட்டையும்.

அப்புறம் இரண்டு விஷயம் கல்லடி அக்கா. சூடான சோற்றில் பச்சை முட்டை உடைத்துக் கலந்து சாப்பிடுவதை அண்ணன் கேட்டால் செய்யாதீர்கள், அங்கே பச்சையாகத் தின்னும் தேதி குறித்தே முட்டை விற்கிறார்கள், இங்கே அப்படி இல்லை. சோற்றையும் இந்த வெயிலில் இரவு முழுக்க வெளியே வைத்துவிட்டு மறுநாள் பொரிக்காதீர்கள், கெட்ட சோற்றில் உண்டாகும் நஞ்சு சூடுபடுத்தினாலும் போகாது. ஆறினதும் பிரிட்ஜில் வையுங்கள்.

கல்லடித் தங்கச்சி:
எல்லாருக்கும் நன்றி. இன்று சந்தையில் 2 கிலோ பச்சை அரிசி வாங்கிவிட்டேன், மாசி வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு ஓயாகோடோன், இன்னும் அண்ணனிடம் சொல்லவில்லை.