‘ஜஞ்சீர்’ போடலாமா, ‘சிரித்து வாழ வேண்டும்’ போதுமா?

கானாடுகாத்தான் பேரன்:
பொங்கலுக்கு எல்லாரும் ஊர் வீட்டில் கூடுகிறோம். ராத்திரி வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் ஓட்டுவது வழக்கம். இந்த முறை அமிதாப் நடித்த இந்திப் படம் ‘ஜஞ்சீர்’ (1973) போட ஆசை. லஞ்சம் வாங்கியதாகப் பொய்யாக மாட்டிவிடப்பட்டு ஜெயிலுக்குப் போகும் இன்ஸ்பெக்டர் கதை. ஆனால் ஆயாவுக்கு இந்தி ஒரு சொல் தெரியாது. “அதையே தமிழில் எடுத்த ‘சிரித்து வாழ வேண்டும்’, எம்.ஜி.ஆர் நடித்ததையே போடேன்” என்கிறார். என்ன செய்யலாம்?

ரஸ்தாக்காரன்:
இந்தியே போடுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் சூதாட்ட விடுதிக்காரராக வரும் பிராண் உட்காரப் போகும்போது இன்ஸ்பெக்டர் அமிதாப் நாற்காலியை எட்டி உதைப்பாரே, அதற்கு மொழி எதற்கு? 1974இல் வந்த தமிழில் அந்த இரண்டு வேடமும் எம்.ஜி.ஆரே. அவரை அவரே மிரட்டினால் எப்படிச் சூடு பிடிக்கும்? (எம்.ஜி.ஆர் ரசிகர்கள் திட்ட வேண்டாம், நானும் ரசிகன்தான்.) அப்புறம், ஜஞ்சீரில் அமிதாப் பாடவே மாட்டார். சலீம்-ஜாவேத் எழுதிய அந்த இறுக்கம்தான் படம்.

பள்ளத்தூர் ஆச்சி:
ஆயாவிடம் ஒன்று மட்டும் முன்பே சொல்லிவையுங்கள்: தீபாவளி ராத்திரியில் இன்ஸ்பெக்டரின் தாய் தகப்பனைக் கொன்றவன் கைச் சங்கிலியில் வெள்ளைக் குதிரை தொங்கும். மீதி தானாகப் புரியும். வேட்டியை மறக்காதீர்கள், பளபளக்கும் முட்டைப்பூச்சுச் சுவரில் படத்தை நேராக அடித்தால் கண் கூசும்.

கானாடுகாத்தான் பேரன்:
சரி ஆச்சி, ஜஞ்சீர்தான். மறுநாள் ஆயாவுக்காக எம்.ஜி.ஆர்.