ஃபைபர் ஆப்டிக் இன்ட்யூபேஷன்: கை மறந்து போகாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

தூக்கக்கலக்கம்:
மயக்கவியல் முதுநிலை முடித்து இரண்டு வருடம் ஆகிறது. ஃபைபர் ஆப்டிக் இன்ட்யூபேஷனை (வளையும் மெல்லிய ஸ்கோப்பால் உள்ளே பார்த்துக்கொண்டே, அதன் மேலாக மூச்சுக்குழாயில் டியூபை இறக்குவது) படிக்கும்போது பதினைந்து இருபது முறை செய்திருப்பேன், அதில் பாதி சீனியர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லச் செய்தது. இப்போது எதற்கெடுத்தாலும் வீடியோ லாரிங்கோஸ்கோப் (வாய்க்குள் பிளேடை வைத்து, கேமராவில் குரல்வளையைப் பார்க்கும் கருவி) என்றாகிவிட்டதால் ஸ்கோப்பைத் தொட்டே ஏழெட்டு மாதம் இருக்கும். போன வாரம் வாய் ஒரு விரல்கூடத் திறக்காத நோயாளி. உள்ளே போனதும் எங்கும் சிவப்பு, எது மேல் எது கீழ் என்றே புரியவில்லை. கடைசியில் சீனியர் வந்து ஒரே நிமிடத்தில் முடித்தார். அவமானம் கிடக்கட்டும், அடுத்த முறை அவர் இல்லாவிட்டால்? பொம்மையில் பழகினால் பயன் உண்டா?

வளைநுனி:
உண்டு, அதற்கு விலை உயர்ந்த பொம்மைகூட வேண்டாம். 2001இல் வந்த ஓர் ஆய்வில், துளை போட்ட பலகைகளை வைத்த எளிய மாதிரியில் பழகிய ரெசிடென்டுகள், விரிவுரை மட்டும் கேட்டவர்களைவிட நோயாளிகளிடம் நன்றாகச் செய்தார்கள். அட்டைப்பெட்டியில் துளைகள் போட்டு வாரம் பத்து நிமிடம் நுழைத்துப் பாருங்கள். ஸ்கோப்பின் கைப்பிடியில் உள்ள நெம்புகோலைக் கீழே அழுத்தினால் நுனி மேலே போகும், பக்கவாட்டில் போக மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். ஸ்கோப் தொய்ந்திருந்தால் நீங்கள் திருப்புவது நுனிக்குப் போய்ச் சேராது, இழுத்து நேராகப் பிடியுங்கள். சிவப்பு தெரிந்தால் முன்னே தள்ளாதீர்கள், பின்னால் இழுங்கள். பாதிப் பேர் தவறுவது இங்கேதான்.

இரவுப்பணி:
பெட்டி சரி, ஆனால் பெட்டிக்கு எச்சில் ஊறாது, இருமாது! தியேட்டரில் வாய்ப்பைத் தேடுங்கள். டபுள் லூமன் டியூப் (இரண்டு நுரையீரலுக்கும் தனித்தனி வழி உள்ள டியூப்) சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். சுலபமான காற்றுப்பாதை உள்ளவர்களில், முன்பே சம்மதம் பெற்று, சூப்ராகிளாட்டிக் கருவி (குரல்வளைக்கு மேலேயே அமரும் சுவாசக் கருவி) வழியாக வென்டிலேஷன் நடக்கும்போதே ஸ்கோப்பை இறக்கலாம், அவசரம் இருக்காது.

அப்புறம், முழு மயக்கம் கொடுக்காமல் விழித்திருப்பவரிடம் செய்யும்போது கைவேலையைவிட மரக்க வைப்பதுதான் பெரிய வேலை. முதலில் கிளைகோபைரோலேட் கொடுத்து எச்சிலைக் குறைத்து, பிறகு மரக்க வைக்கும் மருந்தான லிக்னோகெயினை நிதானமாக, படிப்படியாகத் தெளிக்க வேண்டும். 2019இன் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி வழிகாட்டுதல் சொல்லும் உச்ச அளவு, கொழுப்பைக் கழித்த உடல் எடையில் (லீன் பாடி வெயிட்) கிலோவுக்கு 9 மி.கி. இதில் அவசரப்பட்டால் எந்தச் சீனியரும் காப்பாற்ற முடியாது.

பச்சைகவுன்:
விழித்திருக்கும்போதே வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் செய்யலாமே? எதற்கு இவ்வளவு பாடு?

இரவுப்பணி:
வாய் திறந்தால் தாராளமாக. இவர் கேஸில் பிளேடு எங்கே போகும்? பிரிட்டனில் காற்றுப்பாதைச் சிக்கல்களை ஆராய்ந்து 2011இல் வந்த நேப்-4 அறிக்கையிலேயே, விழிப்புநிலை ஃபைபர் ஆப்டிக் தேவைப்பட்டும் செய்யாமல் விட்டு விபரீதமான கேஸ்கள் இருக்கின்றன.

தூக்கக்கலக்கம்:
பெட்டி இன்றே தயார். இன்னொன்று, சில சமயம் கரைனா (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) பளிச்சென்று தெரியும், டியூப் மட்டும் இறங்காது, ஏன்?

வளைநுனி:
டியூபின் நுனி வலது அரிட்டினாய்டில் (குரல்வளையின் பின்பக்கக் குருத்தெலும்பு) முட்டி நிற்கும். பலம் காட்டாமல் சற்று பின்னால் இழுத்து, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் 90 டிகிரி திருப்பி இறக்குங்கள். ஸ்கோப்புக்கும் டியூபுக்கும் நடுவே இடைவெளி அதிகமானால்தான் இந்தத் தொல்லை, அடுத்த முறை ஒரு அளவு சிறிய டியூபாக எடுங்கள்.