மறுமொழி: வானொலி 'லிங்க்' - 'கண்ணி' சரிவருமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். வானொலி 'லிங்க்'கைத் தமிழில் 'கண்ணி' எனலாம் என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> இரண்டு பாட்டுக்கு நடுவில் பேசும் 'லிங்க்'குக்கு 'இணைப்புரை' இருக்கிறதே அண்ணாச்சி, எதற்குப் புதுச்சொல்?

இருக்கிறது. ஆனால் அது மேடைச் சொல். பள்ளி ஆண்டுவிழாவில் ஒருவர் தாளைப் பிடித்துக்கொண்டு வாசிப்பாரே, அதற்குக் கச்சிதம். 'உரை' என்று பெயர் வைத்துவிட்டால் எழுதுகிறவர் கை தானாக நீண்டுவிடுகிறது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். காலை 5.30 மணி நிகழ்ச்சிக்கு வானிலை பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி, கார்மேகம், குளிர்காற்று என்று அழகாகவே வாசித்தேன். குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் வெட்டுகிற பெரியவர் ஒருவர் போனில் கூப்பிட்டு, "மக்ளே, மழை உண்டா இல்லியா, அத முதல்ல சொல்லு" என்றார். அவர் சொன்னதுதான் நியாயம். வெயில் ஏறுவதற்கு முன்னால், குளிர்ச்சி இருக்கும்போதே வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், மழை பெய்தால் அன்றைக்கு வெட்டே கிடையாது. அவருக்கு வேண்டியது இருபது விநாடிப் பேச்சு. அந்த நேரத்தில் தோவாளைச் சந்தையில் பூ எடை போடுகிறவருக்கும் அதற்கு மேல் காது கொடுக்க முடியாது.

அதனால்தான் 'கண்ணி' என்கிறேன். சங்கிலியின் ஒரு வளையம் கண்ணி, தலையில் சூடும் பூமாலைக்குப் பழைய பெயர் கண்ணி, இரண்டே அடியில் முடிகிற பாட்டும் கண்ணிதான். சிறியது, தன்னளவில் முழுமையானது, ஆனால் அடுத்ததோடு கோத்துக்கொள்வது என்ற மூன்று குணமும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது, நல்ல 'லிங்க்'குக்கு வேண்டியதும் இந்த மூன்றுதான். இன்னொரு வசதி, இதிலிருந்து கிளைச்சொற்கள் எளிதாக வரும். பாட்டு முடிந்ததும் பாடியவர் பெயர் சொன்னால் பின்கண்ணி. முன்னிசை ஓடும்போதே பேசி, பாடகர் வாய் திறப்பதற்கு முன் முடித்தால் முன்கண்ணி. விளம்பரத்துக்குப் போகும் முன், "திரும்பி வந்ததும் குளச்சல் கடல் நிலவரம்" என்று நேயரை நிறுத்தி வைப்பது இழுகண்ணி. 'பின்னிணைப்புரை' என்று ஹெட்போனில் அவசரத்துக்குச் சொல்லிப் பாருங்கள், அதற்குள் பாட்டே தொடங்கிவிடும்.

நிகழ்ச்சியைத் திட்டமிடவும் இது உதவுகிறது. ஒரு மணி நேரத்துக்கு எட்டுக் கண்ணி என்று முதல் நாள் இரவே தாளில் எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு செய்தி மட்டும் எழுதி வைக்கிறோம். இரண்டு செய்தி வந்தால் ஒன்றை அடுத்த கண்ணிக்குத் தள்ளிவிடுவோம்.

> கண்ணி என்றால் பொறி, கண்ணிவெடி என்றெல்லாம் நினைவு வராதா?

வரும்தான். ஆனால் தமிழில் இடம் பார்த்துப் பொருள் கொள்வது புதிதில்லை, 'படி' என்ற சொல்லை எத்தனை விதமாகப் புழங்குகிறோம்! 'இணைப்பு' மட்டும் தெளிவாகவா இருக்கிறது? இன்றைக்கு அது மின்னஞ்சலோடு வரும் கோப்பாகவும் மின் இணைப்பாகவும் போய்விட்டது.

இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபரில் தொடங்கியது நம் நாகர்கோவிலில்தான். உள்ளூர்க்காரர் காதுக்கு ஏற்பப் பேசும் இந்தத் தொழிலுக்கு நம் பக்கத்திலிருந்தே ஒரு சொல் போகட்டும் என்று ஆசைப்படுகிறேன். கேரளக் கரை மீனவர்கள் வாயில் புழங்கிய 'கள்ளக்கடல்' (திடீரென்று பொங்கிக் கரையேறும் கடல்) இன்று கடல் அறிவியலில் அப்படியே எடுத்தாளப்படுகிறதே.

எனக்கு இருக்கும் ஒரே சந்தேகம் மீன்வலைதான். வலையிலும் கண்ணி உண்டு. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து நண்பர்கள் யாராவது கடலுக்குப் போகிறவர்களிடம், "அடுத்த கண்ணியில் காற்று நிலவரம்" என்று வானொலியில் கேட்டால் குழப்பமாக இருக்குமா என்று விசாரித்துச் சொல்லுங்கள். அவர்களுக்கு இடறுமானால் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன், வேறு சொல் தேடுவோம்.